எடைக்கு எடை வாழைப்பழம்

16 பிப்ரவரி 2009, திங்கள்

சென்டரில் எடை எடுக்கும் நாள். உத்தரத்தில் கொக்கித் தராசை மாட்டி, துணித்தொட்டிலில் ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து முள்ளைப் பார்ப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஒன்று கத்தும், ஒன்று அப்படியே மூத்திரம் போகும். பிள்ளைகளைக்கூடச் சமாளித்துவிடலாம். இந்தத் தாய்மார்கள் இருக்கிறார்களே! ஜக்கம்மா தன் மகன் திலீபனை முந்தானைக்குள் சுருட்டி ஒளித்துக்கொண்டு நிற்கிறாள். "எடை போட்டா பிள்ளைக்குக் கண்ணு பட்டுரும் டீச்சர். போன தடவ போட்டதுக்கே வயித்தால போச்சு" என்கிறாள்.

"எடை போட்டா சதையா உதுந்து போகும்? கண்ணு வைக்கிறதுக்கு இங்கன யாரு இருக்கா, நானா? ஏத்து பிள்ளைய" என்று சத்தம் போட்டேன். அங்கன்வாடி வேலைக்கு வந்து பத்து வருஷத்தில் நான் கற்றது சத்தம் போடுவதுதான். ஆயா ராமுத்தாயக்கா பிள்ளையைப் பிடுங்கித் தொட்டிலில் வைத்தாள். திலீபன் போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறான். அதைச் சொன்னதும் ஜக்கம்மா தரையில் துப்பித் திருஷ்டி கழித்தாள்.

சாயங்காலம் அவர் தோட்டத்திலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னார். "மாரி, நம்ம அம்மன் கோயில்ல துலாபாரத்துக்குத் தராசு வச்சுட்டாக. மண்டில கெடந்த பெரிய தராசு. வர்ற சித்திரைப் பொங்கலுக்கு ஒன் நேர்த்திய முடிச்சுருவோம்."

ஒரு தட்டில் நான். மறு தட்டில் வாழைப்பழம். சுற்றி ஊர்.

காபியை வைத்துவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மாடு குடிக்கவில்லை. அதற்குத் தாகமில்லை.

17 பிப்ரவரி

நேர்த்தி நான் நேர்ந்ததில்லை. அவர் நேர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மஞ்சள்காமாலை முற்றிப்போய்த் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போது, ‘எம் பொண்டாட்டி பொழச்சு எந்திரிச்சா அவ எடைக்கு எடை என் தோட்டத்துப் பழம் தர்றேன்’ என்று அம்மனிடம் சொல்லியிருக்கிறார். எலும்பும் தோலுமாக இருந்தேன். அப்போதே செலுத்தியிருந்தால் நாலு சின்னத் தாரோடு முடிந்திருக்கும். அப்போது கோயிலில் தராசு இல்லை. போன வருஷம் வேறு கோயிலில் முடிக்கலாம் என்றால் பங்காளி வீட்டில் சாவு விழுந்துவிட்டது.

இடையில் இந்த மனுஷன் சோறு போட்டார். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து நாலு இட்லி உள்ளே போகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். "தேறணும்ல, தேறணும்ல" என்பார். தேறினேன். தேறியது போதும், நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. முன்னேயும் நான் ஒன்றும் ஒல்லி இல்லை, பொய் எதற்கு?

1 மார்ச், ஞாயிறு

கம்பம் பஸ் ஸ்டாண்டில் எடை மெஷின் இருக்கிறது. கலர் பல்பு சுற்றிச் சுற்றி எரியும். ஒரு ரூபாய் போட்டால் சீட்டு விழும். பக்கத்தில் ஆள் குறையட்டும் என்று இரண்டு பஸ்ஸை விட்டேன். செருப்பைக் கழற்றினேன். வளையலையும் கழற்றலாமா என்று யோசித்தேன், அந்த அளவுக்குப் புத்தி போகிறது.

84.

சீட்டின் பின்பக்கம் ஒரு பலன் போட்டிருந்தது. ‘உங்கள் கம்பீரம் அனைவரையும் கவரும்.’ கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

20 மார்ச், வெள்ளி

கோயிலில் முதல் துலாபாரம். சின்னப் பையன் ஒருவன், வெல்லத்துக்கு. தராசு கிடக்கட்டும், அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. மைக். ரிட்டயர்ட் வாத்தியார் ஞானசிகாமணி ஐயாதான் திருவிழாவுக்கெல்லாம் மைக் பிடிப்பவர். யார் என்ன கொடுத்தாலும் பேர் சொல்லி அறிவிப்பது அவருக்கு உயிர். "நமது ஊர் சுருளியாண்டி அவர்களின் செல்லப் பேரன், எடை பதினாலு கிலோ! பதினாலு கிலோ வெல்லம்!" என்று முழங்கினார். புளியமரத்தில் கட்டிய குழாய்ச் சத்தம் பக்கத்து ஊர் கருநாக்கமுத்தன்பட்டி வரைக்கும் கேட்கும். என் முறை வந்தால்?

"நமது கர்ணன் அவர்களின் துணைவியார் மாரீஸ்வரி, அங்கன்வாடி டீச்சர், எடை..."

மாட்டேன். சத்தியமா மாட்டேன்.

5 மே, செவ்வாய்

பொய் சொன்னேன்.

இன்று கோயில் பொங்கல். விடியக்காலையில் தார்களை வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, டிராக்டரில் ஏற்றி வைத்திருந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். "கெளம்பலையா மாரி?" என்றார். எப்படித்தான் வாயில் வந்ததோ. "நான் தூரமாயிட்டேங்க" என்றேன்.

மனுஷன் டிராக்டரில் ஏறினார். தார்களை ஒவ்வொன்றாக இறக்கினார். இறக்கி முடித்து, கோயில் இருக்கிற திசையைப் பார்த்து, "அவளுக்கு இன்னும் மனசு எரங்கல போல" என்றார். அம்மனைச் சொன்னார்.

இன்னும் மூன்று நாள் பின்னறையில் தனியாக இருக்க வேண்டும். அடுப்படிக்குப் போகக் கூடாது, பானை தொடக் கூடாது. திருவிழா வீட்டில் அவர் ரசம் வைத்து, தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டுப் போகிறார். உப்புக் கூடிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் அந்த ரசச் சோற்றைத் தின்கிறேன்.

7 மே, வியாழன்

மகள் கயல் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை, போன வருஷம்தான் சடங்கானவள். தண்ணீர் கொடுக்க வந்தவள் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, துணி ஒண்ணுமே காயலையே. பொய்தான சொன்ன?"

"வாய மூடுடி" என்றேன்.

கதவுவரை போய்த் திரும்பி, "அப்பாகிட்ட சொல்லலம்மா" என்றாள். பெற்ற பிள்ளை எனக்குப் பாவம் பார்க்கிறாள். நாண்டுக்கிட்டு நிற்கலாம் போல இருந்தது.

18 மே, திங்கள்

நேற்று சாயங்காலம் சூறைக்காற்று. தோட்டத்தில் பாதிக்கு மேல் வாழை சாய்ந்துவிட்டது. தாரோடு முறிந்து கிடக்கிறது.

வரப்பில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார். "தப்பு எம்மேலதான் மாரி. கேக்குறப்ப கேட்டுட்டு, குடுக்குறப்ப குடுக்காம விட்டுட்டேன்."

காற்று எல்லார் தோட்டத்திலும்தான் அடித்தது. ஜக்கம்மா வீட்டு வாழையும்தான் போயிற்று. அவள் என்ன பொய் சொன்னாள்? தெரியும், எல்லாம் தெரியும். ஆனாலும் அவர் தன்னைத் திட்டிக்கொண்டபோது நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேனே. எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

அடுத்த வருஷக் கோயில் பொங்கலுக்குள் இளைக்கணும். இளைச்சே ஆகணும். தலை நிமிர்ந்து போய் அந்தத் தட்டில் உட்காரணும்.

22 ஜூலை, புதன்

தேனியில் புத்தாக்கப் பயிற்சி. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மனையியல் கல்லூரி மேடம் பேசினார். பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். நானும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவர், "எல்லா மாவும் குடலில் செரிக்கிறதில்லை" என்றார். விழித்துக்கொண்டேன்.

சோற்றை ஆக்கி ஆற வைத்தால் அதிலுள்ள மாவில் கொஞ்சம் இறுகிப் போகுமாம். சிறுகுடல் அதைக் கரைக்க முடியாமல் அப்படியே தள்ளிவிடுமாம். ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் என்று பெயர். எதிர்த்து நிற்கிற மாவு. பழைய சோற்றில் இருக்கிறது, வாழைக்காயில் இருக்கிறது, ஆறின உருளைக்கிழங்கில் இருக்கிறது. பசி தாங்கும், எடை குறையவும் உதவலாம் என்று வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறார்களாம்.

பழைய சோறு! இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே. அதற்குப் பிறகும் மேடம் ‘ஆனால்’ என்று ஆரம்பித்து நிறையச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்த சின்னமனூர் டீச்சரிடம் இதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

27 ஜூலை, திங்கள்

வீட்டில் நடக்காது. "எம் பொண்டாட்டி பழசத் தின்னுட்டு வேலைக்குப் போறாளா? தோட்டம் வச்சிருக்கவன் வீட்லயா?" என்று குதிப்பார். அதனால் சென்டரில் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். தினம் நாலைந்து பிள்ளை வராது. மத்தியானச் சோறு மிஞ்சும். ராமுத்தாயக்கா அதைத் தூக்குவாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவாள். கோழிக்கு என்பாள்.

"அக்கா, இனிமே மிச்சச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சுருங்க. காலைல எனக்கு வேணும்" என்றேன்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "ஒங்களுக்கா டீச்சர்?"

"எனக்குத்தான். ஒங்க கோழி ரேஷன் அரிசி திங்கட்டும்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். "சரி டீச்சர்."

12 ஆகஸ்ட்

அமிர்தம். பத்து மணிக்கு ஒரு கும்பா பழசு, சின்ன வெங்காயம், மோர்மிளகாய். நீச்சுத்தண்ணியைக் குடித்து முடித்தால் வயிறு குளுகுளுவென்று இருக்கிறது. காலையில் வீட்டில் அவர் கணக்கு நாலு இட்லி வழக்கம்போல. அதை விட முடியாது, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாரே. மதியம் பிள்ளைகளோடு கொஞ்சம் சாம்பார் சோறு. ஆனால் பழசுதான் செரிக்காதே. அது கணக்கில் வராது.

ரவிக்கை கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கிறது.

3 செப்டம்பர்

வாழைக்காயும் அவித்து ஆற வைத்துத் தின்கிறேன். வாய்வு. சென்டரில் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகின்றன. திலீபன் என்னைக் கைகாட்டிவிட்டான்.

19 அக்டோபர், திங்கள்

தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை கையில் ஏறவில்லை. டெய்லரைத் திட்டினேன். பிறகு மனசு கேட்காமல் பஸ் ஸ்டாண்டு மெஷினுக்குப் போனேன்.

88.

மெஷின் கோளாறு என்று இறங்கி, மறுபடி ஏறி, இன்னொரு ரூபாய் போட்டேன். அதே 88. பின்பக்கம் ‘பொறுமைக்குப் பலன் உண்டு’ என்று இருந்தது. காத்துக்கொண்டிருந்த ஒருத்தர், "ஒரு ஆளுக்கு எத்தன தடவமா? நாங்களும் பாக்கணும்ல" என்றார்.

10 நவம்பர், செவ்வாய்

தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாவிடம் யாரோ ஒரு சொந்தக்காரிக்குக் கேட்பது போலக் கேட்டேன். பழைய சோறு சாப்பிட்டால் எடை குறையுமா என்று. அந்தம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"ஒங்க சொந்தக்காரி காலைல வீட்ல என்ன சாப்புடுறாக?"

"நாலு இட்லி."

"அப்பறம் பழசு. அப்பறம் மதியமும் சோறு. ஏன் டீச்சர், இட்லிக்குப் பதிலா பழசு, அதுவும் அளவாத் தின்னா ஏதோ கொஞ்சம் பலன் இருக்கலாம். பசி எடுக்காம இருக்கும். அதையும் தின்னு இதையும் தின்னா? ஆறிப்போச்சுன்னா சோத்துல இருக்க மாவு முச்சூடும் மாயமாயிருமா? அதுல எதோ கொஞ்சந்தான் செரிக்காமப் போகும். மிச்சமெல்லாம் சோறுதான்."

மேடம் ‘ஆனால்’ என்று சொன்னது இதுவாகத்தான் இருக்கும்.

மாதாமாதம் தாய்மார்களை உட்கார வைத்து எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பாடம் எடுக்கிறவள் நான். சுவரில் படம் ஒட்டியிருக்கிறேன். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் தினம் கும்பாவை வழித்து நக்கினேன்.

11 நவம்பர்

இட்லி இரண்டோடு எழுந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்ன மாரி, திரும்பவும் ஒடம்புக்கு முடியலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணைப் பிரித்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார்.

மிச்ச இரண்டையும் தின்றேன். பத்து மணிக்குப் பழசும் தின்றேன். நாக்குக்குப் பழகிப்போச்சு, என்ன செய்ய?

20 ஜனவரி 2010, புதன்

இதை எழுதாமல் விட்டால் நல்லது. எழுதுகிறேன்.

தைப்பொங்கல் முடிந்து ராமுத்தாயக்கா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று ஆள்விட்டிருந்தாள். சாயங்காலம் பார்க்கப் போனேன். பத்து வருஷமாகக் கூட வேலை செய்கிறவள், அவள் வீட்டுக்குள் இன்றுதான் காலெடுத்து வைக்கிறேன். அவள் படுத்திருந்தாள். அவள் புருஷன் ஒச்சாண்டி அண்ணன், தென்னையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுப்பில் கஞ்சி. கஞ்சி என்று சொல்லக் கூடாது, தண்ணீர்தான், அடியில் நாலு பருக்கை.

"ரேஷன் அரிசி வாங்கலையாண்ணே?" என்றேன்.

"கார்டு மூத்தவன்கிட்டல்ல இருக்கு. தனியாப் போறப்ப கொண்டுபோயிட்டான். கேட்டா ஏச்சு." அப்புறம் சாதாரணமாகச் சொன்னார். "முன்னெல்லாம் இவ சென்டர்லருந்து சோறு கொண்டாருவா, ராவுக்கு ரெண்டுபேருக்கும் ஆகும். இப்ப மிஞ்சுறது இல்லையாமே டீச்சர்? பிள்ளைக நல்லாச் சாப்புடுதுகன்னு சொன்னா. நல்லது, பிள்ளைக தின்னா நல்லதுதான்."

நான் முற்றத்தைப் பார்த்தேன். கோழி இல்லை. கூண்டும் இல்லை. ஒரு இறகுகூடக் கிடையாது.

ராமுத்தாயக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம், சொல்லாதீர்கள் என்று அந்தப் பார்வை. யாருக்காக? எனக்காக! டீச்சர் தின்கிறாள் என்று புருஷனிடம் சொல்லாமல், பிள்ளைகள் தின்கின்றன என்று சொல்லியிருக்கிறாள். ஆடியிலிருந்து தை வரைக்கும்.

ஒங்க கோழி ரேஷன் அரிசி திங்கட்டும்னு சொன்னேனே. சிரிச்சேனே. அய்யோ, சிரிச்சேனே.

என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று நினைவில்லை. இத்தனை நாள் வெட்கம், வெட்கம் என்று எதையோ எழுதியிருக்கிறேன். தட்டில் உட்கார வெட்கம், மைக்குக்கு வெட்கம். அதெல்லாம் ஒரு வெட்கமா?

21 ஜனவரி

அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "காய்ச்சல்ல கெடக்கீக, வச்சுக்கங்க" என்றேன். வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் ஒச்சாண்டி அண்ணனைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுப் பேசினாள்.

25 ஜனவரி, திங்கள்

வேலைக்கு வந்துவிட்டாள். சோறு மிஞ்சியது. வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றப் போனாள். நான் தூக்குவாளியை எடுத்து நீட்டினேன்.

"கோழிக்குக் கொண்டுபோங்கக்கா."

வாளியை வாங்கிக்கொண்டாள். "ஆமா டீச்சர். கோழி பாவம், தேடிருச்சு" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

18 ஏப்ரல், ஞாயிறு

கோயில் பொங்கலுக்குச் சாட்டிவிட்டார்கள். இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டேன். போன தடவை சொன்னதையும் மூடி வைக்கப் போவதில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொல்லிவிட்டேன். தூரமானது பொய், தார் இறக்க வைத்தது பொய், மூன்று நாள் ரசம் வைக்க வைத்தது பொய்.

"ஊருக்கு வெக்கப்பட்டு சாமிகிட்டப் பொய் சொன்னியா?" என்றார். "எங்கிட்டயுமா?" அவ்வளவுதான். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. கயல் சோறு கொண்டுபோனாள். அதுவும் திரும்பி வந்தது.

19 ஏப்ரல்

பேசவில்லை.

20 ஏப்ரல், செவ்வாய்

காலையில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டுதான் வைத்திருந்தார்.

"அன்னைக்கு வேன்லருந்து ஆஸ்பத்திரிக்குள்ள ஒன்னய நாந்தான் தூக்கிட்டுப் போனேன். ஒனக்கு நெனவு இருக்காது. கையில கனமே இல்ல மாரி. தெனம் தார் தூக்குறவன் நான். ஒரு தார் கனங்கூட இல்ல. பயந்துபோயிட்டேன். அதான் எடைக்கு எடைன்னு வாயில வந்துச்சு. ஒன் கனத்தத் திருப்பிக் குடு ஆத்தான்னு கேட்டேன். குடுத்துட்டா. நீ அதப்போயி ஒளிச்சு வைக்கிற."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். "சரி சரி, இட்லி ஆறுது" என்றார். ஆறினால் நல்லதுதான், செரிக்காது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் சொன்னது, பழசு, ராமுத்தாயக்கா. கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போய், ஒரு தாரை வெட்டி அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

4 மே, செவ்வாய்

உட்கார்ந்தேன்.

பட்டுச்சேலை, ஈரத்தலை, கழுத்தில் மாலை. தட்டு தரையில் ‘டங்’ என்று உட்கார்ந்த சத்தத்தில் முன்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவரும் இரண்டு பங்காளிகளும் மறு தட்டில் தார்களை அடுக்கினார்கள். போன வருஷம் சாய்ந்ததற்குப் பிறகு நட்ட வாழை. காய் சிறுத்துப்போயிருந்தது. கண்ணளவுக்கு வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எல்லாத் தாரையும் வைத்தாகிவிட்டது. நான் தரையைவிட்டு அசையவில்லை.

பத்தவில்லை.

இதைவிட மோசமாக ஒன்று நடக்க முடியுமா என்று நினைக்கும்போதே மைக் கரகரத்தது. "பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு! நமது கர்ணன் அவர்களின் துணைவியார் மாரீஸ்வரி டீச்சர் அவர்களுக்குப் பழம் பத்தவில்லை! பழம் வைத்திருப்பவர்கள் உடனடியாகத் தராசுக்கு வரவும்!"

கருநாக்கமுத்தன்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த நொடியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷமாக எதற்குப் பயந்தேனோ அது முச்சூடும் நடந்துவிட்டது, இனி பயப்பட ஒன்றும் பாக்கியில்லை. வயிறு குலுங்கச் சிரித்தேன். தட்டு ஆடியது. "ஆடாத மாரி, ஆடாத" என்று அவர் கத்தினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் கத்தினார். பெண்கள் அர்ச்சனைத் தட்டில் வைத்திருந்த சீப்புகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஜக்கம்மா தன் சீப்பை வைத்துவிட்டு என் காதருகே குனிந்து, "டீச்சர், ஊரே பாக்குது, கண்ணு பட்டுரும். வீட்டுக்குப் போயி சுத்திப் போடுங்க" என்றாள். பழிக்குப் பழி.

தட்டு எழும்பியது. கால் தரையைவிட்டு மேலே போனபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கைகூப்பி, கண்ணில் தண்ணீர் ஒழுக நின்றார்.

பழத்தை எடைக்கல் வைத்து நிறுத்தார்கள். எண்பத்தாறு. ஐயா இரண்டு தடவை அறிவித்தார்.

பழத்தைக் கோயிலிலேயே எல்லாருக்கும் கொடுத்தோம். சென்டர் பிள்ளைகள் கைக்கு இரண்டாக வாங்கித் தின்றுவிட்டு மறுபடி வந்து நின்றன.

30 மே

மெஷின் 85 என்கிறது. காலையில் இட்லிக்குப் பதில் வீட்டுப் பழசு ஒரு கும்பா, அவர் முணுமுணுக்க முணுமுணுக்க. மதியம்வரை பசி இல்லை என்பது நிசம். இந்த ஒரு கிலோ அந்த மாவினால் போனதா, இட்லியை விட்டதால் போனதா, சென்டருக்கு நடந்து போவதால் போனதா, யார் கண்டார்? மெஷினிலேயே போயிருக்கலாம்.

14 ஜூன், திங்கள்

எடை எடுக்கும் நாள். திலீபன் தொட்டிலில் ஏற மாட்டேன் என்று காலை உதைத்தான். ஜக்கம்மாவே தூக்கி உள்ளே வைத்தாள். "ஏலே, டீச்சரே ஊரு பாக்க ஏறி உக்காந்தாக. ஒனக்கென்ன கேடு?"

இன்று ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் வந்திருந்தது. சோறு ஒரு பருக்கை மிஞ்சவில்லை. ராமுத்தாயக்கா சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெறும் தூக்குவாளியை எடுத்துக் கையில் மாட்டினாள். காலையில் வேலை மும்முரத்தில் நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழசைத் திறக்கவே இல்லை. போணிப் பாத்திரம் அப்படியே இருந்தது.

"உக்காருங்கக்கா" என்றேன். மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். "ராவுக்கு அண்ணனுக்கு வீட்லருந்து கயல் சோறு கொண்டாருவா. நான் போயி சொல்லி அனுப்புறேன். நீங்க இப்ப எங்கூடச் சாப்புடுங்க." ஒரே போணியிலிருந்து இரண்டு தட்டில் ஊற்றினேன். வெங்காயத்தைக் கையால் நசுக்கினாள்.

இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தாள். "டீச்சர், நெசமாவே இதத் தின்னா எடை கொறையுமா?"

"தெரியலக்கா. கொஞ்சம் கொறையும்ங்கிறாக."

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. "அப்ப எனக்கு ஆகாது டீச்சர். எங்கிட்ட கொறையிறதுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, வாயில் சோற்றோடு சிரித்தாள்.

நான் என் தட்டில் இருந்ததை அள்ளி அவள் தட்டில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள்.